தோட்டா இல்லாத துப்பாக்கி



சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த இரண்டாம் நாள். அஸர் தொழுகைக்குச் சற்று முன்பாக, பரளச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் அமர்ந்து என் ரைபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் இருந்துவரும் துப்பாக்கி அது. பாங்கு ஒலித்தது. தோட்டாக்கள் கீழறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ரைபிள் வெறுமையாக இருக்கிறது. தொழுதுவிட்டு வருவதற்கு இருபது நிமிடம்தான் என்று எண்ணி, அதனைக் கட்டிலின்மேல் கிடத்தி, கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டேன். திரும்பி வந்தபோது வைத்தது வைத்தபடியே இருந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதைப் பற்றி மேலும் நினைக்கவில்லை.

இஷாவுக்குப் பின்னர் ஜமாஅத் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மருமகப்பிள்ளை வாட்ஸப்பில் வைத்திருக்கும் படத்தைப் பார்த்தீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பெருநாளுக்கு வந்திருந்த என் தங்கையின் மூத்த மகன், பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன், என் ரைபிளைத் தோளில் சாய்த்து, விசையின்மேல் விரலை வைத்து, குழலை நேராக நம்மை நோக்கி நீட்டியபடி நிற்கிறான். படத்தை எடுத்தவன் யார் என்று விசாரித்தேன். பத்து வயதான அவனுடைய தம்பி. அதாவது, அந்தக் குழல் நோக்கியது கைப்பேசியை அன்று. அதன் பின்னால் நின்ற அந்தச் சிறுவனின் முகத்தை.

அவனை அழைத்துக் கேட்டேன். அவனுக்கு அச்சமும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. வியப்புடன், "அதுல தோட்டா இல்லையே மாமா" என்றான்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில் அதே சொற்களை நானும் ஒருமுறை கூறியிருக்கிறேன்.

அது 1969ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. என் நன்னா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு லாரி ஓட்டியவர். அப்போரில் தாமாக முன்வந்து சேர்ந்த இந்தியர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். வானம் பார்த்த எங்கள் கரிசல் பூமியிலிருந்து பஞ்சம் பிழைக்கச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய நன்னா, பருத்தியும் மிளகாயும் போட்டு வாழ்ந்தார். காட்டுப்பன்றிகளின் தொல்லைக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு உரிமம் வைத்திருந்தார்.

அன்று மஃரிபுக்கு முன்னர், அந்தத் துப்பாக்கி திண்ணைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நன்னா ஒளுச் செய்யக் கொல்லைப்புறம் போயிருந்தார். நான் அதைத் தூக்கி, வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த என் தம்பியைக் குறிபார்த்தேன். விசையைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு ஈரக்கை வந்து குழலை வானத்தை நோக்கி உயர்த்தியது. நன்னா ஒரு சொல்லும் பேசவில்லை. துப்பாக்கியை மடித்துத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. முந்தின இரவு பன்றிக் காவலுக்குப் போனபோது அவரே போட்டது, எடுக்க மறந்திருக்கிறார்.

"உள்ள குண்டு இல்லைன்னு நெனச்சேன் நன்னா" என்று அழுதேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அவர். திண்ணையில் அமர்ந்துவிட்டார். அவருடைய கை நடுங்கியதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். அவர் என்னை அடிக்கவில்லை. தொழுகை முடிந்து வந்தபின், தம் சகோதரனை நோக்கி இரும்பாயுதத்தை நீட்டுபவனை, அவன் அதைக் கைவிடும் வரை வானவர்கள் சபிக்கிறார்கள். அவன் உடன்பிறந்த சகோதரனாயினும் சரியே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைச் சொன்னார். உடன்பிறந்தவனை யாரும் பகையோடு குறிபார்ப்பதில்லை, விளையாட்டுக்குத்தான் நீட்டுவான், அந்த விளையாட்டுக்கும் சேர்த்தே இந்த எச்சரிக்கை என்று விளக்கினார். அடுத்த நாளே தோட்டாக்களை ஒரு தகரப் பெட்டிக்கு மாற்றி, அதன் சாவியைத் தம் இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டார். மௌத்தாகும் வரை அது அங்கேயே இருந்தது.

பின்னாளில் சுடுதளங்களில் பாதுகாப்பு விதிகளைக் கற்றபோது, அவற்றுள் எதுவும் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. உலகெங்கும் துப்பாக்கி பயிற்றுவிப்போர் நான்கு விதிகளை வலியுறுத்துகின்றனர். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது. குறி உறுதியாகும் வரை விசையில் விரலை வைக்கக் கூடாது. குறியையும், அதற்குப் பின்னால் இருப்பதையும் அறியாமல் சுடக் கூடாது.

ஆயுதத்தால் சகோதரனைச் சுட்டிக் காட்டாதீர்கள். ஷைத்தான் கையை இழுத்துவிடக் கூடும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் நபிமொழியின் கருத்து. விசையில் விரல் வைத்தவனுக்கு இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. அம்புகளுடன் பள்ளிவாசலையோ கடைத்தெருவையோ கடப்பவர், எவர் மீதும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உறையிலிருந்து உருவிய நிலையில் வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். இன்று நாம் ரைபிளை மற்றவரிடம் கொடுக்கும்போது போல்ட்டைத் திறந்து, அறை வெறுமையாக இருப்பதைக் காட்டிக் கொடுக்கிறோமே, அதே ஒழுக்கம்தான் அது. விரல்களால் பொடிக்கல் சுண்டுவதைக்கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்; அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது காரணம். உயிருள்ள கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்ட செய்தியும் உண்டு.

அம்பெய்யக் கற்பதை ஊக்குவித்த அதே மார்க்கம்தான் இவ்வளவையும் சொல்லியிருக்கிறது. கற்பது வேறு, கற்றதன் ஹக்கை நிறைவேற்றுவது வேறு.

இனி, என் ஆசையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

1976இல் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்தேன். முகாமொன்றில், பழைய .303 ரைபிளால் சுடுவதற்கு ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள் தந்தனர். நன்னா தம் போர்க் கதைகளில் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த ஆயுதம் அன்று என் கைக்கு வந்தது. ஏறத்தாழ நான்கு கிலோ எடை. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் மேகசின். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். முதல் தோட்டாவில் தோள்பட்டை அதிர்ந்தது. ஐந்தாவதில் அட்டையின் ஓரத்தைத் தொட்டேன். அந்த எஃகின் வழுவழுப்பும், எண்ணெய் ஏறிய மரத்தின் வாசனையும் அன்றே என்னைப் பிடித்துக்கொண்டன.

லீ-என்ஃபீல்டு என்னும் அந்த ரைபிள் பிரிட்டனில் உருவானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வங்காளத்தின் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் அதைச் சுமந்தார்கள். விடுதலைக்குப் பின்னர் நம் காவல்துறையினரின் தோள்களில் பல்லாண்டுகள் தொங்கியதும் அதுதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்புடன் அதற்கு விடைகொடுத்தது.

படையிலிருந்து ஓய்வு பெற்ற இத்தகைய ரைபிள்களைப் பல நாடுகளில் குடிமக்கள் விலைக்கு வாங்கிச் சேகரிக்கிறார்கள். நம் நாட்டில் அது இயலாது. .303 தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. சிறைக் காவலுக்கும் கலகம் அடக்கவும் அதே உடலில் செய்யப்பட்ட .410 மஸ்கட்டும் அப்படியே. மாவட்ட ஆட்சியர் வழங்கும் சாதாரண உரிமத்தில் அவற்றை வாங்க முடியாது.

எங்கள் சீமைக்கு ஆயுதத் தடை புதியதன்று. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பின்னர், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பாளைய மக்களின் கைகளிலிருந்து ஆயுதங்களை அகற்ற ஆணையிட்டது. 1878இல் ஆங்கிலேயர் நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தனர். இன்று நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும். ஆங்கிலேயர் காலத்தில், படையின் தோட்டா குடிமக்களின் துப்பாக்கிக்குப் பொருந்திவிடக் கூடாது என்பதற்காக வேறு அளவுத் தோட்டா ஒன்று புழக்கத்துக்கு வந்தது. அதுவே .315. அரசுத் தொழிற்சாலை குடிமக்களுக்கெனச் செய்து விற்கும் .315 ரைபிளின் உடல், பெரும்பாலும் அந்தப் பழைய லீ-என்ஃபீல்டின் உடலேயாகும். மேகசின் மட்டும் சிறியது.

1993இல் அதைத்தான் நான் வாங்கினேன். பயிர்ப் பாதுகாப்பு என்று மனுவில் எழுதினேன். காவல்துறை விசாரணை, வட்டாட்சியர் அறிக்கை என ஓராண்டுக்கு மேல் அலைந்தேன். மனுவில் எழுதிய காரணம் பொய்யன்று; பன்றிகள் சோளக்காட்டை உழுதது போல் ஆக்கிவிட்டுப் போன ஆண்டு அது. ஆனால் அது முழு உண்மையும் அன்று. முகாமில் என்னைப் பிடித்துக்கொண்ட அந்த ரைபிளுக்கு மிக நெருக்கமானதை என் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசையே பெரிதாக இருந்தது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்று சிறுபருவம் முதல் ஓதி வந்தவன் நான். இந்த எண்ணத்தை மட்டும் நெடுங்காலம் நான் எடுத்துப் பார்க்கவில்லை.

வாங்கிய சில நாள்களிலேயே ஓர் உண்மை புலப்பட்டது. என் சொந்த நிலத்தில் அந்த ரைபிளைச் சுட எனக்கு வழியில்லை. பரளச்சியைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான கரிசல், இடையிடையே சீமைக்கருவேலங்காடு. ரைபிளின் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்க வல்லது. குறி தவறினால் அதைத் தடுத்து நிறுத்த ஒரு மேடுகூட இல்லை. கருவேலங்காட்டுக்குள் விறகு வெட்டுவோரும், கரிமூட்டம் போடுவோரும், ஆடு மேய்ப்போரும் இருப்பார்கள். வெளியில் நிற்பவனுக்குத் தெரியமாட்டார்கள். கண்மாய்க் கரை மண்மேடுதானே என்று தோன்றும். கரைக்கு மேல் போவது மறுபுறத்தில் விழும். நீரில் பட்டால் தெறித்துத் திசைமாறும். மேலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டு விலங்கைச் சுடுவது குற்றம். மயிலும் மானும் மிளகாய்ச் செடியை மேய்ந்தாலும் அவை சட்டத்தின் காவலில் உள்ளவையே. பன்றிகளை விரட்ட எனக்கு உதவியவை, தகர டப்பாவும் வெடியும் இரவுக் காவலுமே.

ஆகையால் ஆண்டுக்கு ஓரிரு முறை, மதுரைப் பக்கம் முறையான சுடுதளம் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சுடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முன்புறம் உயர்ந்த மண்சுவர். சிவப்புக் கொடி ஏறியிருக்கும் போது எவரும் கோட்டைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. சுடுமுன் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்; துணித்துண்டோ குளவிக்கூடோ அடைத்திருந்தால் குழல் வெடிக்கும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழலை மண்சுவரை நோக்கியபடியே வைத்து, முப்பது விநாடியாவது காத்திருக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். வழக்கத்தைவிட ஒலி மெலிந்து கேட்டால் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கக் கூடும், அடுத்த தோட்டா அதன்மேல் மோதும்.

என் சின்னம்மா மகன் ஒருவர் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறார். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், அந்நாடு துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கியது. தகுந்த காரணம் காட்டி, உரிமம் பெற்று, போல்ட் ரைபிளை அங்கே இன்றும் வாங்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, 1943 என ஆண்டு பொறித்த இஷாபூர் ரைபிள் ஒன்று தமக்குக் கிடைப்பதாக எழுதி, என் கருத்தைக் கேட்டார். எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன்.

போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வேறு ரைபிளின் போல்ட் மாட்டப்பட்டிருந்தால் தோட்டா அறைக்குள் சரியாக அமராது, பின்பக்கம் வெடித்து முகத்தில் அடிக்கக் கூடும். எண்கள் ஒத்திருந்தாலும், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளவுக் கருவி வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். குழலின் முன்பகுதியில் செப்புக் கம்பி சுற்றியிருந்தால், அது கையெறிகுண்டு வீசப் பயன்பட்டுத் தேய்ந்ததாக இருக்கும், சுட வேண்டாம். பயிற்சி அணிவகுப்புக்கென முத்திரையிட்டதையும் சுடவே கூடாது. இஷாபூரில் 1960களில் 7.62 தோட்டாவுக்கென அதே தோற்றத்தில் ஒரு ரைபிள் செய்தார்கள். இரண்டின் தோட்டாக்களையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பழைய படைத் தோட்டாக்களைச் சுட்டால் அன்றைக்கே குழலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். அவற்றின் எரியூட்டி குழலுக்குள் உப்பைப் படியவைக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, நீரே கரைக்கும். இந்தக் கடைசிச் செய்தி நன்னா எனக்குச் சொன்னது.

அவர் எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கினார். உடலில் பிரிட்டிஷ் மகுடமும் ஆண்டும் பொறித்த படத்தை அனுப்பினார். எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோர் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். துப்பாக்கி என்பது என்ன செய்ய வல்லது என்பதை நம் சமுதாயத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதன் அழகை இரசிப்பவனும் அதை மறக்கலாகாது.

மருமகன் விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

படத்தை அன்றிரவே அவன் நீக்கிவிட்டான். ஆனால் ஊரில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். யாராவது அனுப்பி வைத்து, காவல்துறையினர் வந்து கேட்பதற்கு முன்னர் நாமே போவது நல்லது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை உரிமப் புத்தகத்தையும் அவனையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றேன். ஒவ்வொரு தேர்தலின்போதும் ரைபிளை ஒப்படைத்து ரசீது வாங்கிய இடம். ஆகவே என்னை அறிவார்கள். நடந்ததை உள்ளபடி சொன்னேன். உரிமம் இல்லாதவன் கையில் துப்பாக்கி சேர்ந்ததற்குப் பொறுப்பு உரிமம் பெற்றவனுடையது என்று எச்சரித்தார்கள், எழுதி வாங்கினார்கள். மரியாதையுடனேயே அனுப்பி வைத்தார்கள்.

வெளியே வந்தபோது, அவன் முகம் வெளிறியிருந்தது. படிப்பை முடித்து வேலைக்கு மனுப் போட வேண்டிய பிள்ளை. கடவுச்சீட்டு எடுக்க வேண்டிய பிள்ளை. துப்பாக்கியோடு நிற்கும் ஒரு முஸ்லிம் இளைஞனின் படம், அதன் பின்னணி தெரியாத ஊர்களில் எப்படிப் படிக்கப்படும் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவனே யோசித்துக்கொண்டிருந்தான். உறங்கிக்கொண்டிருந்த தோழரின் பொருளை விளையாட்டாக எடுத்து அவரைத் திடுக்கிடச் செய்தபோது, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன நிகழ்ச்சியை மட்டும் வழியில் சொன்னேன். "தம்பி பயந்துட்டானா?" என்று கேட்டேன். "முதல்ல சிரிச்சான் மாமா. அப்புறம் கையால கண்ணை மறைச்சுக்கிட்டான்" என்றான்.

அவனுடைய ஆர்வத்தை அடக்கிவிட எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் அவனை மதுரையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். 10 மீட்டர் ஏர் ரைபிள். 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். முதல் இரண்டு வாரங்கள் அவனைச் சுடவே விடவில்லை. நிற்கவும், மூச்சை அடக்கவும், ஏந்திய ரைபிளை ஆடாமல் இறக்கி வைக்கவும் கற்றுத் தந்தார்கள். "தொழுகையில நிக்கிற மாதிரி இருக்கு மாமா, மனசு கொஞ்சம் அங்கிட்டுப் போனாலும் குறி தப்பிடுது" என்றான்.

இதற்கிடையில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தா, உங்களுக்குப் பின்னால இது யாருக்கு?"

நான் அதுவரை அதை எண்ணிப் பார்க்கவில்லை. உரிமம் மனிதருக்குத்தான் வழங்கப்படுகிறது, வீட்டுக்கு அன்று. உரிமம் பெற்றவர் மௌத்தாகிவிட்டால், நகையையும் நிலத்தையும் போல அந்தத் துப்பாக்கி தானாக வாரிசுகளுக்கு வந்துவிடாது. வாரிசு ஒருவர் தம் பெயரில் உரிமம் கேட்டு மனுச் செய்ய வேண்டும். இல்லையேல் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதியில் இடமுண்டு. இவற்றை அறியாமல், இத்தா காலத்தில் இருக்கும் ஒரு கைம்பெண்ணின் வீட்டுப் பரணில் உரிமம் காலாவதியான துப்பாக்கி கிடக்கலாம். அவர் ஒரு குற்றமும் செய்யாமலே சட்டத்தின் முன் குற்றவாளி ஆகிவிடுவார். இதை வாசிக்கும் குடும்பங்களில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி எதுவும் இருக்குமாயின், அருள்கூர்ந்து இன்றே அதன் உரிமப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விட்டுச் செல்ல ஏதேனும் உள்ள முஸ்லிம், வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது முறையன்று என்பது நபிவழி. ஆயுதத்தைப் பொறுத்தவரை ஓர் இரவுகூட அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

என் பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். எவருக்கும் அது தேவையில்லை. மருமகன் கேட்டால் கொடுத்திருப்பேன், அவன் கேட்கவில்லை. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் இவ்வாண்டின் தொடக்கத்தில் வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஐந்தாண்டு கழிந்தால் எனக்கு எழுபதைத் தாண்டிவிடும். பல நாள்கள் யோசித்து, புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தேன். முறைப்படி எழுத்து மூலம் தெரிவித்து, மதுரையில் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் விற்க ஏற்பாடாயிற்று.

கொடுப்பதற்கு முந்தின வாரம் கடைசியாகச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். மருமகனும் உடன் வந்தான். கோட்டுக்குப் பின்னால் காதை அடைத்துக்கொண்டு நின்றான். முதன்முதலில் சுட்டதைப் போலவே ஐந்து தோட்டாக்கள். நான்கு நடுவில் விழுந்தன. ஐந்தாவதற்குக் கண் கலங்கியது; இறக்கி வைத்து, துடைத்துக்கொண்டு, பிறகு சுட்டேன்.

திரும்பும் வழியில் அவன் தயங்கியபடி கேட்டான். "என்னாலதான் கொடுக்குறீங்களா மாமா?"

"இல்லப்பா. கதவைப் பூட்டாமல் போனது நான்தானே" என்றேன்.

அதுதான் உண்மை. முப்பது ஆண்டுகள் ஒழுங்காகப் பேணியவன் என்னும் எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது. அந்த எண்ணமே என்னை அந்த இருபது நிமிடத்துக்கு அலட்சியமாக்கியது. நன்னாவுக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கும். போர் முனையைப் பார்த்துத் திரும்பியவர், ஒரு தோட்டாவை எடுக்க மறந்தார். அமானத்தைப் பேணுவது ஒரு நாளில் முடிந்துவிடும் காரியமன்று. கை தளர்கிறது என்று உணர்ந்தால், அது இன்னும் உறுதியாக இருக்கும்போதே ஒப்படைத்துவிடுவதும் பேணுதலின் ஒரு பகுதிதான்.

பழைய ஆயுதங்கள் மீதான ஆசை என்னை விட்டுப் போகவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் அவை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். சின்னவன் இன்னும் யாராவது விளையாட்டுத் துப்பாக்கியை நீட்டினால்கூடச் சற்று விலகி நிற்கிறான். அவன் கண்ணிலிருந்து அந்தக் குழலின் நினைவு நீங்க வேண்டும் என்று துஆச் செய்யுங்கள்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்டவற்றை அவற்றின் ஹக்கோடு பேணவும், பேண இயலாதபோது தகுந்தவரிடம் ஒப்படைக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.